வளவில் கிடைக்காத சிக்னல் வானத்தில் கிடைக்குமா?

சாட்டிலைட் போன், செல்போன் சிக்னல் பற்றிச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: தெருவில் நின்றால் போனில் நாலு கோடு. முகப்புத் திண்ணையில் மூன்று. பட்டாலை (முன்கூடம்) தாண்டி வளவுக்குள் (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) போனால் ஒன்று, அதற்கும் உள்ளே இரண்டாங்கட்டில் அதுவும் இல்லை. மகன் பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து வருகிறான். ஒரு சாட்டிலைட் போன் வாங்கி வரச் சொல்லலாமா?
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: வேண்டாம் ஆச்சி. வாங்கிவிட்டேன் என்று சொன்னால்கூட அங்கேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போனை இந்தியாவுக்குள் கொண்டுவருவதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். துராயா, இரிடியம் போன்கள் பையில் இருந்ததற்காகவே விமான நிலையத்தில் கைதான வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. மலையேறுகிறவர்கள் பையில் மாட்டிக்கொள்ளும் கார்மின் இன்ரீச் என்ற சின்னக் கருவிக்கும் இதே கதிதான். 2008 மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் துராயா போன் பயன்படுத்தியிருந்தார்கள். கெடுபிடி இறுகியது அதற்குப் பிறகு.

சட்டத்தை விடுங்கள், அந்தப் போன் உங்கள் இரண்டாங்கட்டில் வேலையும் செய்யாது. சாட்டிலைட் போனுக்கு வானம் நேராகத் தெரிய வேண்டும். இன்மார்சாட், துராயா செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. அங்கிருந்து வந்து சேரும் சிக்னல் அவ்வளவு மெலிந்தது. மேலே ஒரு வரிசை நாட்டு ஓடு இருந்தாலே போதும், இணைப்பு அறுந்துவிடும். உங்கள் வீட்டில் அது பேசக்கூடிய ஒரே இடம் வளவின் நடு முற்றம். அந்த முற்றத்துக்கு மேலே காக்கை, குரங்குக்காக இரும்புக் கம்பி அடித்திருந்தால் அதுவும் சந்தேகம். இந்தப் போன்களின் அலைநீளம் சுமார் 19 சென்டிமீட்டர். கம்பி இடைவெளி அதில் பாதிக்கும் கீழே இருந்தால் கம்பிவலையே அலையைத் தடுக்கும் திரையாகிவிடும்.

ஆக, உங்கள் வீட்டில் வானத்துக்கும் டவருக்கும் குறை இல்லை. குறை சுவரில். செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒன்றரை, இரண்டு அடி கனத்தில் எழுப்பிய சுவர். ஒரு சுவர் 10 டெசிபல் தின்கிறது என்று வைத்துக்கொண்டால், சிக்னல் பத்தில் ஒரு பங்காகிறது. இரண்டாவது சுவரைத் தாண்டினால் நூறில் ஒரு பங்கு. தகரம் அடித்த மேற்கூரையும் ரசம் பூசிய ஆளுயர பெல்ஜியம் கண்ணாடியும் வேறு அலையைத் திருப்பி அடிக்கின்றன.

கேள்வி: அப்படியானால் இரண்டாங்கட்டில் போன் பேச வழி என்ன? பூஸ்டர் என்று ஒன்று விற்கிறார்களே?
- வாசகர், பள்ளத்தூர்

பதில்: முதலில் பூஸ்டர். கடையிலோ ஆன்லைனிலோ வாங்கி மாட்டும் சிக்னல் பூஸ்டர், ரிப்பீட்டர் எதற்கும் தனிநபருக்கு அனுமதி இல்லை. மாட்டினால் பறிமுதலும் அபராதமும் வரும். அது சட்டம் பிடிவாதமாகப் போட்ட தடை இல்லை. மலிவான பூஸ்டர் உங்கள் போனோடு சேர்த்து இரைச்சலையும் பெருக்கி டவருக்கு அனுப்பும். டவருக்கு அந்தப் பகுதி முழுக்க ஒரே கூச்சலாகக் கேட்கும். உங்கள் வீட்டில் கோடு ஏறும், தெருவில் எல்லோருக்கும் அழைப்பு அறுந்து விழும்.

சரியான வழி வைஃபை காலிங். ஜியோவும் ஏர்டெல்லும் இதை 2019 டிசம்பர், 2020 ஜனவரி வாக்கில் நாடெங்கும் கொண்டுவந்தன. அதே எண், அதே ரீசார்ஜ், தனிக் கட்டணம் இல்லை. அழைப்பு டவர் வழியாகப் போகாமல் வீட்டு இன்டர்நெட் வழியாகப் போகும், அவ்வளவுதான். எதிர்முனையில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, அவர் எந்த ஆப்பும் வைத்திருக்க வேண்டியதில்லை.

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், மொபைல் நெட்வொர்க், சிம் என்று உள்ளே போனால் ‘வைஃபை காலிங்’ இருக்கும். இரண்டு சிம் போட்டிருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாக இயக்க வேண்டும். பலர் ஒன்றை மட்டும் இயக்கிவிட்டு மற்றதில் அழைப்பு வரவில்லை என்கிறார்கள். அதற்குக் கீழேயே ‘எதற்கு முன்னுரிமை’ என்று கேட்கும் இடத்தில் வைஃபையைத் தேர்ந்தெடுங்கள். இதை விட்டுவிட்டால், வைஃபை பக்கத்திலேயே இருந்தும் போன் செத்துக்கொண்டிருக்கும் டவர் சிக்னலையே பிடித்துத் தொங்கும், அழைப்பு நடுவில் அறுந்துபோகும். சோதிக்க எளிய வழி: ஏரோப்ளேன் மோடு போட்டு வைஃபையை மட்டும் திரும்ப இயக்கி ஒரு அழைப்பு செய்து பாருங்கள். அழைப்பு போனால் எல்லாம் சரி.

இனி வயர் வேலை. தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். ரவுட்டரை முகப்பில் வைத்துவிட்டு, உள்ளே ‘மெஷ்’ பெட்டிகள் இரண்டு வாங்கி வைத்தால் போதும் என்று கடையில் சொல்வார்கள். அடுக்குமாடி வீட்டுக்கு அது சரி. உங்கள் வீட்டில் ஒரு மெஷ் பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போகும் வைஃபையும் அதே இரண்டடிச் சுவரைத்தான் கடக்க வேண்டும். ஆகவே வயர் இழுத்தே ஆக வேண்டும்.

ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு ஆக்சஸ் பாயின்ட், அதாவது வைஃபை பரப்பும் பெட்டி. முகப்பு ரவுட்டரிலிருந்து ஒவ்வொன்றுக்கும் கேட்-6 என்ற வகை நெட்வொர்க் கேபிள். ஒரு துண்டு 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. இந்தத் தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீளும் வீட்டில், தூண் வளைந்து உத்தரம் ஏறிப் போகும் தூரத்தையும் சேர்த்து அளந்து வாங்குங்கள். மின்சாரத்தையும் அதே கேபிளில் அனுப்பும் வகை ஆக்சஸ் பாயின்ட் என்றால் இரண்டாங்கட்டில் தனிப் பிளக் வேண்டாம். அதற்குச் சுத்தமான செம்புக் கேபிள் அவசியம். அலுமினியத்தில் செம்பு பூசியது பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் அதில் நீளம் கூடக் கூட மின்னழுத்தம் விழுந்து, ஆக்சஸ் பாயின்ட் தானே அணைந்து அணைந்து எழும். முற்றத்து ஓரமாகப் போகும் கேபிள் வெயிலும் மழையும் தாங்கும் கறுப்பு உறை போட்ட வெளிப்புற வகையாக இருக்கட்டும்.

பர்மாத் தேக்கு நிலையிலும் முட்டைப்பூச்சுச் சுவரிலும் துளை போட விடாதீர்கள். அந்தப் பூச்சு ஒரு முறை விண்டால் பழைய பளபளப்புக்குத் திருப்ப ஆள் தேட வேண்டும். ஜன்னலுக்கு மேலே உள்ள காற்றுப் போக்கி வழியாகவே கேபிளைக் கொண்டுபோகலாம், பெரும்பாலும் இடம் இருக்கும். ஆக்சஸ் பாயின்டை இரும்பு பீரோவுக்குப் பின்னாலும் கண்ணாடிக்குப் பின்னாலும் வைக்க வேண்டாம். உள்வீடுகளின் கதவுகள் வளவைப் பார்த்துத் திறப்பதால், தாழ்வாரத்துத் தூண் உயரத்தில் மாட்டினால் ஒவ்வொரு கதவு வழியாகவும் வைஃபை உள்ளே போகும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகம், ஆனால் சுவரில் நின்றுவிடும். பேசுவதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் போதும்.

கரண்ட் போனால் ரவுட்டர் போகும், ரவுட்டர் போனால் அழைப்பும் போகும். ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் விற்கிறார்கள், இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். வாங்குமுன் ரவுட்டர் அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள்.

கேபிள் வேலை முடியும்வரை ஒரு சின்ன உதவி. 5ஜி போனாக இருந்தால் வீட்டுக்குள் ‘4ஜி மட்டும்’ என்று மாற்றிவைத்துப் பாருங்கள். 3500 மெகாஹெர்ட்ஸ் 5ஜி அலை கனத்த சுவரில் நின்றுவிடும், 850, 900 மெகாஹெர்ட்ஸ் 4ஜி அலை ஓரளவு உள்ளே வரும். கோடுகளை நம்பாதீர்கள், ஒவ்வொரு போன் கம்பெனியும் ஒரு கணக்கில் கோடு போடுகிறது. ஆண்ட்ராய்டில் ‘அபௌட் போன்’ பகுதியில் சிம் ஸ்டேட்டஸ் திறந்தால் சிக்னல் அளவு மைனஸ் எண்ணாகத் தெரியும். மைனஸ் 85 என்றால் அருமை, மைனஸ் 105 என்றால் விட்டு விட்டுக் கேட்கும், மைனஸ் 115-க்குக் கீழே போனால் அழைப்பு தாங்காது, அறுந்துவிடும்.

கேள்வி: எங்கள் அப்பத்தாவுக்குப் பட்டன் போன்தான் வரும். அதில் வைஃபை காலிங் இல்லையே?
- வாசகர், கோட்டையூர்

பதில்: வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு இருந்தால், சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியின் பின்னால் பழைய டெலிபோன் வயர் செருகும் அளவில் ஒரு சின்னத் துளை இருக்கும். பெரும்பாலான ஃபைபர் திட்டங்களில் லேண்ட்லைன் எண் சேர்ந்தே வருகிறது. அந்த எண்ணை இயக்கித் தரச் சொல்லி, பரணில் கிடக்கும் பழைய டெலிபோனைச் செருகுங்கள். கம்பியில்லாக் கைப்பேசி வகை டெலிபோன் வாங்கினால் அப்பத்தா அடுப்படியிலிருந்தே பேசலாம்.

கேள்வி: என் போனில் ஜிபிஎஸ் வேலை செய்கிறது. அதுவும் செயற்கைக்கோள்தானே? அப்படியானால் இதே போனால் செயற்கைக்கோள் வழியாக ஏன் பேச முடியவில்லை?
- பள்ளி மாணவர், காரைக்குடி

பதில்: நல்ல கேள்வி தம்பி. ஜிபிஎஸ் விஷயத்தில் உன் போன் வெறும் காது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன, போன் கேட்டுக் கணக்குப் போடுகிறது. திருப்பி ஒரு வார்த்தை அனுப்புவதில்லை. மொட்டை மாடி டிடிஎச் குடையும் அப்படித்தான். பேசுவதென்றால் போன் அனுப்புவது அங்கே கேட்க வேண்டும்.

4ஜி போன் அதிகபட்சம் 0.2 வாட் சக்தியில் அலை அனுப்புகிறது. டவர் 2 கிலோமீட்டரில் இருக்கிறது என்று வை. இன்மார்சாட் 36,000 கிலோமீட்டர், அதாவது 18,000 மடங்கு தூரம். தூரம் கூடினால் சக்தி அதன் வர்க்கத்தில் குறையும். 18,000-ஐ 18,000-ஆல் பெருக்கினால் 32 கோடியே 40 லட்சம். அத்தனை மடங்கு மெலிந்துதான் அங்கே சேரும். அதனால்தான் சாட்டிலைட் போனில் கட்டைவிரல் தடிமனுக்கு ஓர் ஆன்டெனா, மேலே செயற்கைக்கோளில் பிரம்மாண்டமாக விரியும் குடை. இரிடியத்தின் 66 செயற்கைக்கோள்கள் சுமார் 780 கிலோமீட்டரில் சுற்றுகின்றன. அதே கணக்கைப் போட்டால் ஒன்றரை லட்சம் மடங்குதான் வரும். ஆனால் ஒன்று ஓடி மறைவதற்குள் அடுத்தது வந்து அழைப்பை வாங்கிக்கொள்ள வேண்டும்.

சாதாரணப் போனிலேயே பேசவைக்கும் முயற்சியும் நடக்கிறது. போனை மாற்ற முடியாது, ஆகவே மேலே உள்ள ஆன்டெனாவைப் பெரிதாக்குகிறார்கள். ஏஎஸ்டி ஸ்பேஸ்மொபைல் நிறுவனம் 2022-இல் அனுப்பிய புளூவாக்கர் 3 செயற்கைக்கோளின் ஆன்டெனா 64 சதுர மீட்டர், நம் கணக்கில் 690 சதுர அடி, ஒரு சின்ன வீட்டின் தளம். ஐபோன் 14 முதல் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி வசதி வந்திருக்கிறது. இந்தியாவில் அந்தச் சேவை இல்லை. அமெரிக்காவில் வாங்கிய ஐபோனாக இருந்தாலும் இங்கே இயங்காது.

கேள்வி: என் மைத்துனர் தொண்டியில் விசைப்படகு வைத்திருக்கிறார். கரையிலிருந்து எவ்வளவு தூரம் வரை செல்போன் எடுக்கும்? அதற்கு அப்பால் என்ன வழி?
- வாசகர், தேவகோட்டை

பதில்: கடலில் சுவர் இல்லை, ஆனால் பூமி வளைகிறது. டவர் 40 மீட்டர் உயரம் என்றால் அதன் பார்வை எட்டுவது சுமார் 26 கிலோமீட்டர். படகில் போன் நீர்மட்டத்திலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் இன்னும் 7 கிலோமீட்டர் சேரும். மொத்தம் 33. இது ஏட்டுக் கணக்கு. கரை டவர்களின் ஆன்டெனா ஊரைப் பார்த்துத் திரும்பியோ கீழே சாய்ந்தோ இருந்தால் அதில் பாதிகூட எட்டாது. பழைய 2ஜிக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு: சிக்னல் எவ்வளவு பலமாக இருந்தாலும், வழக்கமான அமைப்பில் 35 கிலோமீட்டருக்கு மேல் அழைப்பு ஒட்டாது. போனை எஞ்சின் அறையில் வைக்காமல் உயரத்தில் வைப்பது மட்டுமே நம் கையில் உள்ளது.

பாக் நீரிணையில் இன்னொரு தொல்லை. சர்வதேச ரோமிங் போட்ட சிம் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டால் பில் ஏறும். நெட்வொர்க் தேர்வை ‘தானாக’ என்பதிலிருந்து எடுத்துவிட்டு, சொந்த நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அதற்கு அப்பால் போகிறவர்களுக்கு டிரான்ஸ்பாண்டர், அதாவது செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் படகுக் கருவி. 1 லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இலவசமாகப் பொருத்த மத்திய அரசு 364 கோடி ரூபாய்த் திட்டம் போட்டு, 2024 ஆகஸ்டில் தொடங்கியது. கருவி இஸ்ரோ தொழில்நுட்பம். இருபுறமும் குறுஞ்செய்தி போகும், அவசரப் பொத்தான் உண்டு, கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும். குரல் அழைப்பு கிடையாது. படகு பதிவுச் சான்றோடு மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். போன் எடுக்கும் தூரத்தில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் 1554.

கேள்வி: தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறோம். நத்தம் பக்கம் கோடு முழுசாகக் காட்டியும் அழைப்பு போகவே இல்லை. இதுவும் சிக்னல் குறைவா?
- பாதயாத்திரைக் குழு, நாச்சியாபுரம்

பதில்: இல்லை, அது நெரிசல். கோடு காட்டுவது டவர் கேட்கிறதா என்பதை. டவரில் இடம் இருக்கிறதா என்பதை எந்தக் கோடும் காட்டாது. சின்ன ஊருக்கென்று வைத்த டவரின் கீழே திடீரென்று ஆயிரக்கணக்கான போன்கள் நடந்து போனால் பந்தியில் இடம் கிடைக்காத கதைதான். அழைப்பதை விட எஸ்எம்எஸ் எளிதாகப் போகும், அதற்கு மிகக் குறைந்த இடமே வேண்டும். வீடியோ கால் வேண்டவே வேண்டாம். குழுவில் இரண்டு மூன்று நிறுவன சிம் இருக்கட்டும், வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். டவர் இல்லாத இடங்களில் போன் முழுச் சக்தியோடு தேடிப் பேட்டரியைத் தின்னும். நடக்கும் நேரத்தில் ஏரோப்ளேன் மோடு போட்டு, தங்குமிடத்தில் எடுங்கள். அவசரத்துக்கு 112: உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்திலும் வேறு நிறுவன டவர் எட்டினால் அழைப்பு போகும்.

கேள்வி: 2018 கஜா புயலின்போது டவர் எல்லாம் படுத்துவிட்டன. எங்கள் அறக்கட்டளைக்கு முறைப்படி ஒரு சாட்டிலைட் போன் வாங்க முடியுமா? பயன்படுத்துவது கடினமா?
- அறக்கட்டளை நிர்வாகி, ராயவரம்

பதில்: இந்தியாவில் சட்டப்படி உள்ள வழி பிஎஸ்என்எல். இன்மார்சாட் செயற்கைக்கோள் வழியாக 2017 மே மாதம் தொடங்கிய சேவை, தரை நிலையம் காசியாபாத்தில். எதற்காக, யார் பொறுப்பில், எந்த ஊரில் என்ற விளக்கத்தோடும் சான்றுகளோடும் பிஎஸ்என்எல் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி கைக்கு வருமுன் கருவியை வாங்கக் கூடாது. கருவி விலையும் நிமிடக் கட்டணமும் செல்போனோடு ஒப்பிடவே முடியாத உயரம் என்பதால், ஊருக்கு ஒன்று என்று பல அமைப்புகள் சேர்ந்து முடிவெடுப்பது நல்லது.

இன்மார்சாட்டின் ஐசாட்போன் 2 என்ற கருவி 318 கிராம். பேசினால் 8 மணி நேரம், சும்மா வைத்தால் 160 மணி நேரம் பேட்டரி நிற்கும். திறந்த வெளிக்குப் போய் ஆன்டெனாவை விரித்து நிமிர்த்த வேண்டும். முதலில் ஜிபிஎஸ் மூலம் தான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும், பிறகே நெட்வொர்க்கில் பதியும். அதுவரை எண் போட்டுப் பயனில்லை. நம் ஊர் 10 பாகை வடக்கில் இருப்பதால் செயற்கைக்கோள் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கும். ஐரோப்பாவில் போல அடிவானத்தைத் தேட வேண்டாம், ஆனால் வேப்பமரத்தடியில் நிற்கக் கூடாது, மழையில் நனைந்த இலை அலையை உறிஞ்சும். எண்ணை எப்போதும் பிளஸ் 91 சேர்த்துப் போடுங்கள். பேச்சு போய்ப் பதில் வர அரை நொடி ஆகும். அதைப் பொறுக்காமல் ‘ஹலோ, ஹலோ’ என்று அடுக்கினால் இருவர் பேச்சும் மோதிக்கொள்ளும். ஒருவர் முடித்து ‘சொல்லுங்கள்’ என்ற பிறகு மற்றவர் பேசுவதாக முன்பே பழகிக்கொள்ளுங்கள். மழையைப் பற்றிப் பயம் வேண்டாம். டிடிஎச் படம் மழையில் உறைந்து நிற்பதைப் பார்த்தவர்கள் இதுவும் நிற்கும் என்று நினைக்கிறார்கள். டிடிஎச் ஓடுவது 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே, மழைத்துளி அதை விழுங்கும். சாட்டிலைட் போன் 1.5, 1.6 கிகாஹெர்ட்ஸ், அடைமழையிலும் போகும்.

பலர் மறப்பது இது: உங்கள் கையில் சாட்டிலைட் போன் இருந்தும், பக்கத்து ஊர்க்காரரின் செல்போனுக்கு அடித்தால் அவருடைய டவரும் படுத்துத்தான் கிடக்கும். புயல் தொடாத சென்னை, கோவையில் இருக்கும் இருவரின் எண்ணைப் போனிலேயே ஏற்றி வைத்து, அவர்கள் மூலம் செய்தி அனுப்புங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077-ஐ நேராக அடிக்காமல், மாவட்ட எஸ்டிடி குறியீட்டோடு உள்ள முழு லேண்ட்லைன் எண்ணைக் கலெக்டர் அலுவலகத்தில் கேட்டு எழுதி வையுங்கள். சுருக்க எண்கள் சாட்டிலைட் போனிலிருந்து சரியான மாவட்டத்துக்குப் போகும் என்று நம்ப முடியாது. மாதம் ஒரு முறை சார்ஜ் போட்டு ஒரு அழைப்பு செய்து பாருங்கள். பீரோவில் ஆறு மாதம் கிடந்த பேட்டரி புயலன்று எழாது.

கேள்வி: ஊரிலிருந்து 6 கிலோமீட்டரில் தோப்பு. ஃபைபர் வராது, போனில் மைனஸ் 112 காட்டுகிறது. ஸ்டார்லிங்க் வந்தால் சரியாகுமா?
- வாசகர், கீழச்சிவல்பட்டி

பதில்: ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் இந்திய உரிமம் கிடைத்தது. அது செயற்கைக்கோளிலிருந்து தட்டு வைத்து வாங்கும் இன்டர்நெட், போன் இல்லை. பேச அதிலும் வைஃபை காலிங்தான். தட்டும் ரவுட்டரும் 75 முதல் 100 வாட் வரை எடுக்கும், மோட்டார் ஷெட் சின்ன இன்வெர்ட்டருக்கு அது கனம். மைனஸ் 112 என்றால் டவர் இருக்கிறது, தரையில் மட்டும் எட்டவில்லை. முதலில் நிறுவனங்களின் இணையதளத்தில் உள்ள கவரேஜ் வரைபடத்தில் தோப்பைத் தேடி, எது தேறும் என்று பாருங்கள். பிறகு வெளிப்புற 4ஜி ரவுட்டர் ஒன்றில் அந்த சிம்மைப் போட்டு, 20 அடி ஜிஐ பைப் உச்சியில், டவர் இருக்கும் திசை பார்த்து மாட்டுங்கள். இது பூஸ்டர் இல்லை, உங்கள் சிம் போட்ட இன்னொரு போன் மாதிரிதான், தடை இல்லை. தென்னை மட்டைக்கு மேலே தலை நீட்டினாலே 10, 15 டெசிபல் தேறும். அங்கிருந்து கேபிள் கீழே ஷெட்டுக்கு, ஷெட்டில் வைஃபை. பைப்பை எர்த் செய்யாமல் விட்டுவிடாதீர்கள், தோப்பில் அதுதான் இடிக்கு முதல் இலக்கு. மேகம் கறுத்தால் கேபிளை ஷெட் பக்கம் பிடுங்கிவிடுங்கள்.